யாருடைய ரத்தம்

ஆராய்ச்சி மையத்திலிருந்து போன் வந்தபோது அக்கா கடையின் பின்னறையில் ஒரு லென்ஸின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூக்குக் கண்ணாடிக் கடை அது. முன்னால் அலமாரிகளும் சுழல் நாற்காலியும். பின்னால் சாணை இயந்திரமும் தண்ணீர்க் குழாயும் வெள்ளைப் பொடி படிந்த மேஜையும். முதலாளி முதல் எதிர்க் கடைக்காரர்வரை எல்லாருக்கும் அவள் அக்காதான். ஐம்பதைத் தாண்டியும் அந்தப் பட்டம் ஆன்ட்டியாக மாறவில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

போனில் பேசியவன் மையத்தில் வேலை பார்க்கும் இளைஞன்.

"உங்க ரத்தத்தைப் பத்திப் பேசணும்மா. முதல் சோதனையில அந்தப் பிழை இருக்கற மாதிரி தெரியுது. ஆனா ஒரு விஷயம் எங்களுக்கே புரியல. இன்னொரு தடவை ரத்தம் எடுத்துப் பாக்கணும். வர முடியுமா?"

"என்ன புரியல?"

"அத மேடம்தான் சொல்லணும். உங்க ரத்தக் குப்பி வேற யாரோடதோடயாவது மாறிப் போயிருக்கலாம். நீங்க பயப்படாதீங்க."

அதைப் போனில் சொல்லியிருக்கவே கூடாது என்று பிற்பாடு தலைமை ஆய்வாளர் அவனைக் கடிந்துகொண்டாராம். அக்காவுக்கு அப்போது அதெல்லாம் தெரியாது. போனை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். இயந்திரம் ஓடிக்கொண்டேயிருந்தது. லென்ஸ் அளவு மீறித் தேய்ந்து பாழாகியிருந்தது. பழகிய கை அவளுடையது; இப்படி ஒன்றைக் கெடுத்ததாக அவளுக்கு நினைவில்லை.

பிழை என்று அந்த இளைஞன் சொன்னது அவர்கள் குடும்பத்துக்கு அப்போதுதான் அறிமுகமாகியிருந்த சொல். அப்பா குடல் புற்றுநோயில் போனபோது அவருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. அப்பாவோடு பிறந்த அத்தை கருப்பைப் புற்றுநோயில் போனாள். இரண்டும் வேறு வேறு கெட்ட நேரம் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். போன வருடம் அத்தை மகனுக்குக் குடலில் கட்டி வந்து அறுவை நடந்தது. அந்தக் கட்டியின் ஒரு துண்டு மருத்துவமனையை ஒட்டியிருந்த ஆராய்ச்சி மையத்துக்குப் போனது. அங்கேதான் கண்டுபிடித்தார்கள், அப்பாவுக்கும் அத்தைக்கும் வந்தது ஒரே நோயின் இரண்டு முகம் என்று.

அத்தை மகன் உறவுக்காரர்கள் எல்லாருக்கும் அவனே போன் போட்டு, தனக்கு ஆய்வாளர் சொன்னதை அப்படியே ஒப்பித்தான். உடம்பிலுள்ள ஒவ்வொரு செல்லும் இரண்டாகப் பிரியும்போது உள்ளே எழுதியிருப்பதைப் பிரதி எடுக்கிறது. எடுக்கும்போது தப்பு விழும். அந்தத் தப்பைத் திருத்த உள்ளேயே ஒரு மரபணு இருக்கிறது. நம் குடும்பத்தில் அந்தத் திருத்துகிறவனுக்கே கோளாறு. பெற்றவரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரலாம், வராமலும் போகலாம். காசைச் சுண்டிப் போடுகிற கதைதான். முன்கூட்டியே தெரிந்தால் வருடா வருடம் குடலைப் பார்த்துக்கொள்ளலாம்.

அக்கா மறுநாளே போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். அவளுக்கு மருத்துவமனை புதிதல்ல. பத்தொன்பது வயதில் ரத்தப் புற்றுநோய் வந்து, மாதக்கணக்கில் ஒரு கண்ணாடி அறைக்குள் கிடந்து, பிழைத்து எழுந்தவள். அந்தச் சிகிச்சையோடு பிள்ளைப் பேறு போயிற்று; கல்யாணப் பேச்சும் அத்தோடு நின்றது. தம்பியின் இரண்டு பெண்களைத்தான் அவள் தன் பெண்கள் மாதிரி வளர்த்தாள்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். சிறு வயதில் ஒல்லியாக, துறுதுறுவென்று இருந்ததால் வீட்டில் சுண்டெலி என்று கூப்பிட்டு, அது சுண்டு என்று சுருங்கிவிட்டது. இப்போது சுண்டுவுக்கு வயது நாற்பதைத் தாண்டி, வயிறு சட்டைப் பொத்தானோடு தினமும் சண்டை போடுகிறது. ஆனாலும் பெயர் மாறவில்லை. ரத்தம் கொடுக்க மட்டும் அவன் வரவே மாட்டேன் என்றுவிட்டான்.

"வேண்டாத விருந்தாளிய நானே போய் வாசல்ல நின்னு கூப்பிடணுமாக்கா? வந்தா வரட்டும். எனக்குத் தெரிய வேண்டாம்."

அக்காவும் விட்டுவிட்டாள். அப்பாவின் கடைசி நாட்களில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அவன்தான். அவனை வற்புறுத்த அவளுக்கு மனம் வரவில்லை.

போன் வந்த அன்று சாயங்காலம் அவள் சொன்னதைக் கேட்டுத் தம்பி வேலை உடுப்போடேயே ஓடி வந்தான். சோபாவில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இருந்தா இருக்கட்டும்க்கா. நீ எமனுக்கே டிமிக்கி குடுத்தவ. வருஷா வருஷம் நானே உன்னைக் கூட்டிட்டுப் போய்க் குடலைக் காட்டிட்டு வரேன். என்ன, வயித்துக்குள்ள கேமரா விடுவாங்க, அவ்வளவுதானே. சிரிச்சிக்கிட்டே போஸ் குடு."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அன்று அவன் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டான். நெடுநாளாக அவனை அவ்வளவு கலகலப்பாக அவள் பார்த்ததில்லை. தன்னைத் தேற்றத்தான் இந்தப் பாடு படுகிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டாம் முறை ரத்தம் கொடுத்தாள். அடுத்த வாரம் தலைமை ஆய்வாளரே அழைத்தார். தம்பி விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே வந்தான்.

சின்ன அறை. திறக்க முடியாத ஜன்னல். மேஜையில் கண் துடைக்க மெல்லிய காகிதங்கள் வைத்த பெட்டி; அக்கா அதிலிருந்து பார்வையை எடுத்துக்கொண்டாள். அலமாரியில் முறுக்கிய ஏணி போல ஒரு பிளாஸ்டிக் பொம்மை. தலைமை ஆய்வாளர் அவள் வயதுக்காரர்தான். குரலில் அவசரம் இல்லாத பெண்மணி. அவருடைய கண்ணாடியில் வலது பக்கத் திருகாணி தளர்ந்து சட்டம் ஆடிக்கொண்டிருந்தது. இந்த நேரத்திலும் அதை முடுக்கிவிட அக்காவின் விரல் பரபரத்தது.

"உங்ககிட்ட கொஞ்சம் தனியாப் பேசலாமா?" என்று கேட்டார் ஆய்வாளர்.

"இவன் என் தம்பி மேடம். இவன் இருந்தாத்தான் எனக்குத் தைரியம். எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

ஆய்வாளர் தம்பியைப் பார்த்தார். அவன் அக்காவின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

"சரி. முதல்ல எனக்கு ஒரு சந்தேகம் தீரணும். ரெண்டு தடவை உங்க ரத்தம் எடுத்தோம். ரெண்டாவது தடவை நானே பக்கத்துல நின்னு எடுக்க வச்சேன். ரெண்டு தடவையும் அதுல இருக்கற டி.என்.ஏ. ஒரு ஆணோடதுன்னு வருது."

தம்பிதான் முதலில் சிரித்தான். "அக்கா, நீ ஆம்பளையாம். இத்தனை வருஷமா எங்கிட்ட மறைச்சிட்டியே."

அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆய்வாளர்கூடப் புன்னகைத்தார்.

"சின்ன வயசுல ரத்தப் புற்றுநோய் வந்து குணமாச்சுன்னு சொல்லியிருக்கீங்க. மருந்துலயே சரியாச்சா? இல்ல, யாராவது எலும்பு மஜ்ஜை—"

"நான்தான்," என்றான் தம்பி. கையைக்கூடத் தூக்கினான். "நான்தான் மேடம் குடுத்தேன். அப்போ எனக்குப் பதினாலு வயசு. குப்புறப் படுக்க வச்சு இடுப்பெலும்புல ஊசியக் குத்தி எடுத்தாங்க. இவளோட ரத்த குரூப்பே என்னோட குரூப்புக்கு மாறிப் போச்சு, தெரியுமா? அந்த ஒரு உதவியச் சொல்லிச் சொல்லியே இன்னிக்கு வரைக்கும் இவகிட்ட ஓசிக் கண்ணாடி போட்டுக்கறேன்."

ஆய்வாளரின் புன்னகை மறையவில்லை. அது அப்படியே முகத்தில் நின்றது. கண்கள் மட்டும் அதைவிட்டுப் போய்விட்டன. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு மறுபடி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"என்ன மேடம், என் சரக்குல ஏதாவது கோளாறா?" என்று கேட்டான் தம்பி. கேட்கும்போது சிரித்துக்கொண்டுதான் கேட்டான்.

அக்கா அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு முதலில் வாயிலிருந்து போயிற்று. பிறகு கன்னத்திலிருந்து.

"மஜ்ஜைதானே ரத்தத்தை உண்டாக்குது," என்றான் மெதுவாக.

"தம்பி, நீங்க கொஞ்சம் வெளியில இருந்தா—" என்று தொடங்கினார் ஆய்வாளர்.

"இவளோட மஜ்ஜையச் சுத்தமா அழிச்சிட்டுத்தான் என்னோடத ஏத்தினாங்க. அப்போ இவ உடம்புல ஓடறது என்னோட ரத்தம்." கைப்பையின் வாரை விரலில் சுற்றினான். "அந்தப் பிழை இருக்கறது என்னோட ரத்தத்துல."

"உங்களை வெளியில அனுப்பிட்டுத்தான் நான் பேச ஆரம்பிச்சிருக்கணும்," என்றார் ஆய்வாளர். "நீங்க இந்தச் சோதனைக்கு ஒத்துக்கல. உங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொல்ற உரிமைகூட எனக்கு இல்ல."

"நீங்க எங்க மேடம் சொன்னீங்க? நான்தானே சொன்னேன்."

எழுந்தான். கைப்பையை அக்காவின் மடியில் பத்திரமாக வைத்துவிட்டு, கதவை ஓசையில்லாமல் சாத்திக்கொண்டு வெளியே போனான்.

அக்காவுக்குக் காது அடைத்துக்கொண்டது. பஞ்சு வைத்தது போல இருந்தது. அந்த அடைப்புக்குள் யாரோ கேட்டது அவளுக்குக் கேட்டது: "அப்போ எனக்கு?" கேட்டது தன் வாய்தான் என்று உறைத்தபோது அவளுக்கு உடம்பு கூசியது.

"ரத்தத்தை வச்சு உங்களுக்குச் சொல்ல முடியாது," என்றார் ஆய்வாளர். "தோல் உங்களோடது. குடல் உங்களோடது. கையில ஒரு மிளகு அளவு தோல் எடுத்து வளத்துப் பாக்கணும். கொஞ்ச நாள் ஆகும்."

அவள் வெளியே வந்தபோது தம்பி அந்த மூன்றாம் மாடி நடைவழியின் கோடியில், லிஃப்ட் முன்னால் நின்றிருந்தான். கதவு திறந்தது, மூடியது, திறந்தது. அவன் ஏறவில்லை. குனிந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தரையோட சமமா நிக்கல பாரு," என்றான். "ஒரு விரல் உயரம் தூக்கி நிக்குது. நோயாளிங்க வர்ற இடம். யாராவது தடுக்கி விழுந்தா என்ன ஆகும்? இதை யாரு பராமரிக்கறாங்கன்னு கேக்கணும்."

"சுண்டு."

"போலாம்க்கா. படியில எறங்கிடலாம்."

வீடு வரும்வரை அவன் அந்த லிஃப்டைப் பற்றியே பேசினான்.

அதன் பிறகு அவன் அக்கா வீட்டுப் பக்கம் வரவில்லை. போன் அடித்தால் எடுத்து, "வேலையில இருக்கேன்க்கா" என்று வைத்துவிடுவான். தம்பியின் மனைவி இரண்டு முறை கூப்பிட்டாள்.

"அண்ணி, அன்னிக்கு ஆஸ்பத்திரியில என்னதான் சொன்னாங்க? உங்களுக்கு ஏதும் பெரிசா இருக்கா? வாயத் தொறக்க மாட்டேங்கறார். சாப்பாட்டைத் தொட்டுட்டு எழுந்துடறார். உங்களை நெனச்சுத்தான் உருகறார்போல."

அக்கா என்ன சொல்வாள்? அது அவன் சொல்ல வேண்டிய விஷயம். "எனக்கு இன்னும் ரிசல்ட் வரலம்மா," என்று மட்டும் சொன்னாள். அது உண்மைதான். உண்மையைச் சொல்லிவிட்டு இவ்வளவு கூனிக் குறுகியது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

தோலின் முடிவு வந்தது. பிழை இல்லை.

"உங்க அப்பாகிட்டருந்து உங்களுக்கு அது வரல," என்றார் ஆய்வாளர். "இந்தப் பிழை பெரும்பாலும் குடல்லயும் கருப்பையிலயும்தான் வேலையக் காட்டும். ரத்தத்துல மட்டும் இருந்தா என்ன ஆகும்னு எங்களுக்குத் தெரிஞ்சது ரொம்பக் கம்மி. பெரிசா பயப்பட ஒன்னும் இல்லைனு நெனைக்கறேன். ஆனாலும் உங்களைக் கவனிச்சிக்கிட்டு இருப்போம்."

அக்காவின் உள்ளே முதலில் வந்தது சந்தோஷம். சூடான காப்பி தொண்டையில் இறங்குவது போல அது வயிறுவரை இறங்கியது. தெருவுக்கு வந்து, பேருந்து நிறுத்தத்தில் நின்றபோதுதான் தம்பியின் தூக்கிய கை கண்ணில் வந்தது. *நான்தான் மேடம் குடுத்தேன்.* அவள் வீட்டுக்குப் போகும் பேருந்தை விட்டுவிட்டு, அவன் வேலை செய்யும் கட்டடத்துக்குப் போகும் பேருந்தில் ஏறினாள்.

உயரமான அலுவலகக் கட்டடம். மொட்டை மாடியில் லிஃப்டின் இயந்திர அறை. இரும்பு ஏணியில் கைப்பையோடு ஏறி வந்தவளைப் பார்த்து அவன் திடுக்கிட்டான். பெரிய சக்கரத்தில் கம்பி வடங்கள் வழுக்கிக்கொண்டு போவதும் நிற்பதுமாக இருந்தன. கிரீஸ் வாசனை. அவன் ஒரு துணியால் கையைத் துடைத்து, கருவிப் பெட்டியின் மேல் அவளை உட்கார வைத்தான்.

"எனக்கு இல்லையாம்டா," என்றாள்.

"நல்லது." நிஜமாகத்தான் சொன்னான். பிறகு சக்கரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நீ போய்க் காட்டிக்கணும். நான் கூட வரேன். அப்பாவுக்கு யாரும் முன்னாடியே சொல்லல. உனக்குத் தெரிஞ்சிருக்கு."

"தெரிஞ்சு?"

"தெரிஞ்சா முன்னாடியே எடுத்துடலாம்."

வடங்கள் ஓடின, நின்றன. கீழே எங்கோ கதவு திறந்து மூடும் சத்தம் குழாய் வழியே வருவது போல வந்தது.

"அக்கா, ரத்தம் போகுது," என்றான்.

அவளுக்குப் புரியவில்லை. அவன் கையைப் பார்த்தாள். எங்கேயாவது கிழித்துக்கொண்டானோ?

"வெளிக்கிப் போறப்ப. அத்தை மகனுக்கு ஆபரேஷன் ஆச்சே, அதுக்கும் முன்னாடியிருந்து. மூலம்னு நெனச்சேன். இல்ல, மூலம்னு நெனச்சுக்கணும்னு நெனச்சேன். அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. பாத்ரூம்ல நான்தானே கழுவி விடுவேன், எனக்குத் தெரியாதா?"

அக்கா எழுந்திருக்கப் பார்த்தாள். மறுபடி பெட்டியிலேயே உட்கார்ந்தாள். அவன் ரத்தம் கொடுக்க மறுத்த நாளிலிருந்து ஒவ்வொன்றாக அவளுக்குள் இடம் மாறி உட்கார்ந்தது. வேண்டாத விருந்தாளியை வாசலில் நின்று கூப்பிட மாட்டேன் என்றவன், விருந்தாளி உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டதைத் தெரிந்துகொண்டே சொல்லியிருக்கிறான்.

"ஏன்டா பாவி, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வீட்ல உன் பொண்டாட்டிகிட்டயாவது சொன்னியா?"

"சொல்லல. இன்னும் ஒன்னு இருக்கு, கேளு. உனக்கு அந்தப் பிழை இருக்குன்னு போன் வந்துது இல்ல? அன்னிக்கு நான் வந்தேனே. உன் கையப் பிடிச்சுக்கிட்டு என்னென்னமோ பேசினேனே." அவன் துணியை முறுக்கிக்கொண்டேயிருந்தான். "உள்ளுக்குள்ள எனக்கு நிம்மதியா இருந்துது. ரெண்டுல ஒருத்தருக்குத்தானே வரும், அது அக்காவுக்கு வந்துடுச்சு, அப்போ எனக்கு இது மூலம்தான்னு கணக்குப் போட்டேன். அந்த ஒரு வாரம்தான் நான் நல்லாத் தூங்கினேன்."

ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகத்தான் காசு சுண்டப்படுகிறது, ஒருவருக்கு விழுந்தால் மற்றவர் தப்பினார் என்று கணக்கில்லை என்று அத்தை மகன் அன்றே சொல்லியிருந்தான். அதை இப்போது சொல்லி என்ன ஆகப் போகிறது? அக்கா அவனைப் பார்த்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"எனக்கு இல்லன்னு இன்னிக்கு அந்தம்மா சொன்னப்ப எனக்கும் சந்தோஷமாத்தான்டா இருந்துது," என்றாள். "பஸ் ஸ்டாப் வரைக்கும் உன் ஞாபகமே வரல."

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு கருவிப் பெட்டியில் அவளை ஒட்டி உட்கார்ந்தான். பெட்டி முனகியது.

"மெதுவாடா," என்றாள். "பெட்டி தாங்காது."

"நாளைக்கே போலாமா?"

"நாளைக்கே போலாம். ஆனா இன்னிக்கு வீட்டுக்குப் போய் அவகிட்ட நீ சொல்லணும். நான் பக்கத்துல இருக்கேன், பேசுறது நீ."

அவன் சொன்னபோது மனைவி கத்தவில்லை, அழவும் இல்லை. துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தவள், மடித்து முடித்த சட்டையை உதறி மறுபடி மடித்தாள். மறுபடி உதறினாள். "எப்போ போகணும்?" என்று மட்டும் கேட்டாள்.

குடலுக்குள் கேமரா விட்ட மருத்துவர் வெளியே வந்து, கட்டி வலது பக்கத்தில் இருக்கிறது என்றார். இன்னும் பக்கத்து உறுப்புக்குப் போகவில்லை, ஆனால் சும்மா விட்டால் போகும் என்றார். அறுவைக்கு நாள் குறித்தார்கள்.

அறுவைக்கு முன்னால் ஒரு வேடிக்கை நடந்தது. ரத்தம் தேவைப்படலாம், கொடுக்க ஆள் இருந்தால் நல்லது என்றாள் நர்ஸ். அக்கா சட்டென்று முன்னால் போய்க் கையை நீட்டினாள்.

"என்னோடத எடுத்துக்குங்க. குரூப்பெல்லாம் பாக்கவே வேண்டாம். இது அவனோடதுதான். நான் சும்மா வச்சிருந்தேன்."

நர்ஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்ட மருத்துவர் சிரித்துவிட்டு, பிறகு மென்மையாக மறுத்தார். ஒரு காலத்தில் ரத்தப் புற்றுநோய் வந்தவரிடம் ரத்தம் வாங்குவதில்லை. அது யாருடைய ரத்தமாக இருந்தாலும் சரி. அக்கா நீட்டிய கையை மடக்கிக்கொண்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அவன் தந்ததை ஒரு புட்டி அளவுக்குக்கூடத் திருப்பித் தர வழியில்லை என்பது அன்று அவளை உலுக்கிய மாதிரி வேறெதுவும் உலுக்கவில்லை. அழுகை வந்தது. தம்பியின் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

கட்டியை எடுத்தார்கள். பக்கத்து நிணநீர் முடிச்சுகளில் கொஞ்சம் பரவியிருந்தது. எல்லாரும் ஒடிந்துபோய் உட்கார்ந்திருந்தபோது தலைமை ஆய்வாளர் வார்டுக்கே வந்தார். அவர் சிகிச்சை பார்க்கும் மருத்துவர் அல்ல. வர வேண்டிய அவசியமும் இல்லை. கட்டிலருகே நின்று தம்பியிடம் பேசினார்.

"உங்க கட்டியோட செல்லுங்கள்ல தப்பைத் திருத்த ஆளே இல்ல. அதனால தப்பு மேல தப்பு சேர்ந்து, மத்த செல்லுங்க மாதிரியே இல்லாம கோமாளி வேஷம் போட்ட மாதிரி ஆயிடுச்சு. உடம்போட காவல்காரங்களுக்கு அதைச் சுலபமா அடையாளம் தெரியும். ஆனா கட்டி அவங்க கையக் கட்டிப் போட்டு வச்சிருக்கு. அந்தக் கட்டை அவுத்து விட ஒரு மருந்து இருக்கு. உங்க மாதிரிக் கட்டிக்கு அது நல்லாக் கேக்கும்."

"எந்தக் கோளாறு இதைக் கொண்டுவந்துச்சோ, அதுவே காட்டியும் குடுக்குதுங்கறீங்க."

"அப்படித்தான்."

தம்பி விட்டத்தைப் பார்த்தான். "மேடம், அந்த மூணாவது மாடி லிஃப்டைச் சரி பண்ணணும்னு அக்காகிட்ட சொல்லி விட்டேனே, சொன்னீங்களா?"

"சொன்னேன். இன்னும் பண்ணல."

"நான் எந்திரிச்சு வந்து பண்றேன்."

மருந்து கேட்டது. இடையில் மூட்டு வலியும் தோல் அரிப்புமாகப் படாத பாடு பட்டான். எடை இறங்கி, சட்டைப் பொத்தான் சண்டையை நிறுத்திக்கொண்டது. ஆனால் ஸ்கேனில் எதுவும் தென்படவில்லை, அடுத்த முறையும் தென்படவில்லை. வேலைக்குத் திரும்பினான். ஏணி ஏறும் வேலையை மட்டும் கொஞ்ச நாள் வேறு ஆளிடம் விட்டான்.

எல்லாம் ஓய்ந்தது என்று அக்கா நினைத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. தம்பி வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவனுடைய மூத்த பெண் படிப்பு முடித்து அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். தண்ணீர் கேட்பது போலச் சாதாரணமாகச் சொன்னாள்:

"அப்பா, நான் ரத்தம் குடுத்துப் பாத்துட்டேன். எனக்கும் இருக்கு."

அவன் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. மனைவி இளையவளைப் பார்த்தாள். இளையவள் இன்னும் பள்ளிக்கூடம் போகிறவள், பரிசோதிக்கும் வயது வரவில்லை. அக்காவுக்கு மறுபடியும் அந்தச் சின்ன அறையின் பஞ்சு காதில் வந்து அடைத்தது. பிறந்தபோது இந்தப் பெண்ணை முதல் முதலில் கையில் வாங்கியவள் அவள்தான்.

"யாரைக் கேட்டுடி போன?" என்றான் தம்பி. குரல் எழும்பவில்லை.

"யாரையும் கேக்கலப்பா. உங்களைக் கேட்டா வேண்டாம்னு சொல்வீங்க. அத்தையக் கேட்டா அழுவாங்க. வர்ற மாசம் கேமரா போட்டுப் பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க."

அவன் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான். சாப்பிட்ட கை அப்படியே காய்ந்துகொண்டிருந்தது. அக்கா பின்னால் போய் நின்றாள்.

"நான் குடுத்ததுதான்க்கா," என்றான். "உனக்குக் குடுத்தது ஒன்னும் பண்ணல. என் பொண்ணுக்குப் போய்..."

"நம்ம அப்பா உனக்குக் குடுத்தார். அவருக்கு யாரோ குடுத்தாங்க. யாரும் தெரிஞ்சு குடுக்கல."

"நான் அவகிட்ட என்ன சொல்லட்டும்?"

"ஒன்னும் சொல்லாத. அன்னிக்குக் கூடப் போ."

போனான். குடலைச் சுத்தம் செய்யும் மருந்து குடித்துவிட்டு முந்தின நாளெல்லாம் பட்டினி கிடந்த பெண், மருத்துவமனைக்குப் போகும் வழியெல்லாம் சாப்பாட்டைப் பற்றியே பேசினாள். அவளை உள்ளே அழைத்துப் போனதும் தம்பியும் அக்காவும் வெளியே நாற்காலியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் அவன் பாதி எழுந்து உட்கார்ந்தான்.

மருத்துவர் வந்தார். "குடல் சுத்தமா இருக்கு. ஒரு சின்ன முளை இருந்துது, அதையும் அங்கேயே கிள்ளி எடுத்துட்டோம். அடுத்த வருஷம் வந்தாப் போதும்."

தம்பி தலையை ஆட்டினான். ஆட்டிக்கொண்டேயிருந்தான், மருத்துவர் போன பிறகும். அக்கா அவன் முதுகில் கை வைத்தபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது.

மயக்கம் தெளியாத கண்களோடு சக்கர நாற்காலியில் பெண்ணைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அப்பாவைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள்.

"என்ன ரெண்டு பேரும் இப்படி உக்காந்திருக்கீங்க?" என்றாள் குழறலாக. "எனக்குப் பசிக்குது."